சட்டைக் கை நனைந்த வெள்ளிக்கிழமை

"கேஸ் கொண்டு வர்றவங்க வாயில ஒரு கேள்வி இருக்கும் வெங்கி, மடியில ஒரு கேள்வி இருக்கும். வாயில இருக்கிறதை நம்மகிட்ட சொல்லிடுவாங்க. மடியில இருக்கிறதை அவங்களே அவிழ்த்துப் பாத்திருக்க மாட்டாங்க."

"அப்போ மடியைச் சோதிக்கிற வேலைக்கா மேடம் என்னை எடுத்திருக்கீங்க?"

"உன்னை எடுத்தது கார் ஓட்டறதுக்கு. வாய் கூடவே வந்துடுச்சு."

தஞ்சாவூர் கீழவாசலில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்தில் வெங்கி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நடந்த பேச்சு அது. மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரியைக் கடக்கும்போது ஏனோ அவனுக்கு அது ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் குறுவை நடவு முடிந்து, வயல்கள் அப்போதுதான் தலை துவட்டிய குழந்தைகள் மாதிரி நின்றன.

பக்கத்து இருக்கையில் ஷைலஜா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை, யோசிக்கும்போது அப்படித்தான். கல்லூரியில் பல வருடம் வேதியியல் நடத்தியவர். "பாடம் நடத்துறதைவிடக் காப்பியடிச்சவனைப் பிடிக்கிறதுதான் எனக்கு நல்லா வருது" என்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இந்த அலுவலகத்தைத் திறந்தார். வருபவர்களில் முக்கால்வாசிப்பேர் மாப்பிள்ளை விசாரிக்கச் சொல்பவர்கள்.

"மாப்பிள்ளை விசாரிச்சோம். காணாமப்போன மாட்டை விசாரிச்சோம். இப்ப மீனையா மேடம்?" என்றான் வெங்கி. "சாட்சி சொல்லக் கூப்பிட்டா வாயைத் திறந்து திறந்து மூடும். சத்தம் வராது."

"சத்தம் வராத சாட்சிதான் பொய் சொல்லாது. ரோட்டைப் பாரு."

முந்தின நாள் அலுவலகத்துக்கு வந்தவள் ஹஃப்ஸா. மன்னார்குடிக்காரி. அவள் கணவன் சலாஹுதீன் பன்னிரண்டு வருடமாக தோஹாவில், ஒரு பெரிய வணிக வளாகத்தின் மீன் காட்சித் தொட்டிகளைப் பராமரிக்கிறவன். இந்த முறை விடுப்பில் வந்தவன் வீட்டுக் கூடத்திலேயே ஒரு கடல்நீர்த் தொட்டி கட்டினான். அதிலிருந்துதான் தொல்லை. அவன் விமானம் ஏற வேண்டிய நாளுக்கு முதல் நாள், தொட்டியில் ஏதாவது ஒரு மெஷின் நின்றுவிடுகிறது. முதல் தடவை தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர். அடுத்த தடவை பம்ப். அதற்கடுத்த தடவை இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்கும் டைமர். ஒவ்வொரு முறையும் சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன் பயணத்தைத் தள்ளிப் போட்டான். இடையில் ஒரு வெள்ளிக்கிழமை, யாரோ பாதிக் கடல்நீரை வெளியேற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பியும் வைத்திருந்தார்கள்.

கம்பெனி இனிப் பொறுக்காது. நாளை மறுநாள் சாயங்காலம் திருச்சியிலிருந்து விமானம்.

"சொந்தக்காரங்க எல்லாம் என்னைத்தான் சொல்றாங்க மேடம்," என்றாள் ஹஃப்ஸா. "புருஷனை அனுப்ப மனசில்லாம மீன் உசுரோட விளையாடுறாளாம். அவர் காதுக்கு இன்னும் போகல. போறதுக்கு முன்னாடி, நான் செய்யலைன்னு நிரூபிச்சுக் குடுங்க. அந்தச் சந்தேகத்தோட அவர் பிளேன் ஏறக் கூடாது."

அது வாயில் இருந்த கேள்வி. மடியில் என்ன இருக்கிறது என்று வெங்கி எட்டிப் பார்த்தான். கைப்பை மட்டும்தான் இருந்தது.

*

தெப்பக்குளத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. ஹஃப்ஸா கணவனிடம் ஏற்கனவே கதை கட்டி வைத்திருந்தாள்: தஞ்சாவூர் காலேஜ் மேடம், வீட்டில் தொட்டி வைக்க ஆசை, பார்த்துவிட்டுப் போக வருகிறார். வெங்கிக்கு மேடத்தின் அண்ணன் மகன் வேஷம்.

"வாங்க மேடம், வாங்க!" என்று வாசலுக்கே வந்துவிட்டான் சலாஹுதீன். நாற்பது வயது, முன்நெற்றி ஏறிய, சிரித்த முகம்.

கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் கடல். நீல விளக்கின் கீழே பவழப் பாறைகள், காற்றே இல்லாமல் ஆடும் கடல் சாமந்தி, அதன் மடிக்குள் போவதும் வருவதுமாக ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடிக் கோமாளி மீன். தொட்டியின் விளிம்பிலும் குழாய் மூட்டுகளிலும் பொடி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நம்ம தொழில்ல எனக்கு இந்தச் சட்டை கிடைச்சா எப்படி இருக்கும்!" என்று மீனைக் காட்டினான் வெங்கி.

"மறைஞ்சிருந்து பாக்க ரொம்ப வசதி," என்றார் ஷைலஜா.

"என்ன தொழில் தம்பி?" என்றான் சலாஹுதீன்.

"டிரைவிங், பாய்," என்று அவசரமாகச் சமாளித்தான் வெங்கி.

நல்லவேளை, சலாஹுதீனுக்கு மீனைத் தவிர எதுவும் காதில் ஏறவில்லை. கல்யாண வீட்டில் பந்தி காட்டுகிறவன்போல் ஒவ்வொன்றாகக் காட்டினான். இது சில்லர். நம்ம ஊர் வெயிலுக்கு இது இல்லையென்றால் மீன் வெந்துவிடும். இது பம்ப். இது அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கிற மெஷின்.

"இத்தனை மெஷின்ல ஒண்ணு நின்னா?"

"உடனே பாதித் தண்ணியை மாத்திடணும் மேடம். இல்லன்னா அழுகிடும்."

"உப்பைக் கரைச்சு ஊத்திட்டாப் போச்சு," என்றார் ஷைலஜா, ஒன்றும் தெரியாதவர்போல.

சலாஹுதீன் பதறினான். "ஐயையோ, அப்படிச் செஞ்சிடாதீங்க! கரைச்ச உடனே ஊத்தினா மீனுக்கு எரியும். இது இட்லி மாவு மாதிரி. இன்னைக்குக் கலக்கி வெச்சு, சுத்த விட்டு, நாளைக்குத்தான் ஊத்தணும்."

"சாதாரணமா எப்பப்ப மாத்துவீங்க?"

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. நேத்துதான் மாத்தினேன். அடுத்த தடவை ஹஃப்ஸா மாத்துவா. எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்."

'எல்லாம்' என்னும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. சமையலறை வாசலில் தட்டோடு நின்றிருந்த ஹஃப்ஸா உள்ளே திரும்பிக்கொண்டாள்.

ஷைலஜா கண்ணாலேயே வெங்கியைக் கொல்லைப்புறத்துக்கு விரட்டினார்.

"கை கழுவிட்டு வந்துடறேன்," என்று எழுந்தான் அவன்.

"இன்னும் சாப்பிடவே இல்லையே தம்பி?"

"எங்க வீட்ல முன்னாடியும் கழுவுவோம் பாய், பின்னாடியும் கழுவுவோம்."

*

கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம். உள்ளே குட்டி மோட்டார் ஒன்று ஓட, தண்ணீர் வட்டம் வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தது. வெங்கி விரலை விட்டு நக்கினான். உப்பு கரித்தது.

"என் மவன் சமையல் எப்படி இருக்கு?"

திடுக்கிட்டுத் திரும்பினான். கைலியும் முண்டா பனியனுமாக, வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். சலாஹுதீனின் தகப்பனார் மீரா உசேன்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

"கேளுங்க தம்பி இந்த அநியாயத்தை. முத்துப்பேட்டை பக்கம் எனக்கு ரெண்டு ஏக்கர் கிடக்கு. கடைமடை. ஆத்துத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள கடல் தண்ணி வந்து உக்காந்துடும். அந்த நிலத்துலேர்ந்து உப்பை விரட்டுறதுக்கு என் ஆயுசு பூரா மல்லுக்கட்டினேன். என் மவன் என்னடான்னா உப்பைப் பார்சல்ல வரவழைச்சு நடுக்கூடத்துல கலக்குறான்!"

வெங்கிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பெரியவருக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தொட்டி ஓரத்துல வெள்ளையாப் பூத்திருக்கே, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வரப்பு ஓரம் அப்படிப் பூத்துச்சுன்னா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"மிஞ்சிப் போச்சுன்னு அர்த்தம். மீனுக்கு உப்பு வேணும், ஒத்துக்கறேன். பூக்குற அளவுக்கா? நல்ல தண்ணியைக் கட்டி நிறுத்தி வடிச்சு விடலைன்னா பயிரே கருகிடும்." குரலைத் தாழ்த்தினார். "அதான் வடிச்சு விட்டேன்."

வெங்கியின் காது விறைத்தது. "எப்போ?"

"ஒரு வெள்ளிக்கிழமை. கால் வலின்னு ஜும்மாவுக்குப் போகல. மருமவ கடைத்தெருவுக்குப் போயிருந்துச்சு. ஓஸைப் போட்டுப் பாதியை வடிச்சேன், கொழாத் தண்ணியை விட்டேன். ஒரு கைப்பிடி ஜிப்சமும் தூவினேன். உவர் நிலத்துக்கு அதான் மருந்து."

"பூச்சி மருந்து அடிக்கலையே?"

"மீனுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி?" என்றார் பெரியவர், மனம் நொந்து.

துப்பறியும் தொழிலில் இவ்வளவு சுலபமாக யாரும் மாட்டியதில்லை என்று வெங்கிக்குத் தோன்றியது. கையைப் பிடித்து எழுப்பினான். "உள்ள வந்து இதை ஒரு தடவை சொல்லிடுங்க பெரியவரே. உங்க மருமக மேல பழி கிடக்கு."

மருமகள் மேல் பழி என்றதும் பெரியவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கைலியை இறுக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தார்.

*

கூடத்தின் நடுவில் நின்று மீரா உசேன் எல்லாவற்றையும் சொன்னார். ஜிப்சத்தைக்கூட விடவில்லை.

ஹஃப்ஸா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அதிர்ச்சி, பிறகு சிரிப்பு, பிறகு கண்ணில் தண்ணீர். பழி போனதே!

"மச்சான், இவங்க மீன் வளக்க வரல," என்று கணவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். "துப்பறியறவங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன். உங்களைப் போக விடாம நான் மெஷினை உடைக்கிறேன்னு ஊரே பேசுது."

வெங்கி சலாஹுதீனின் முகத்தைப் பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தான், குறைந்தபட்சம் சிரிப்பாவது. ஆனால் அந்த முகம் வேறு மாதிரி இருந்தது. பரிசு விழுந்திருக்கிறது என்று நம்பிக் கிடந்தவனிடம், அது பக்கத்து வீட்டுக்காரன் சீட்டு என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

"அத்தாவா?" என்றான் மெதுவாக. "அன்னைக்குச் செஞ்சது... அத்தாவா?"

"கேஸ் குளோஸ் மேடம்," என்று கிசுகிசுத்தான் வெங்கி. "பின்னாடி டிரம்முல மாவுகூட ரெடியா சுத்திக்கிட்டிருக்கு. சாப்பிட்டுக் கிளம்பலாம்."

அதுவரை மூடியிருந்த ஷைலஜாவின் கண்கள் பளிச்சென்று திறந்தன. "இப்பவா சுத்துது?"

"இப்பத்தான் நக்கிப் பாத்தேன்."

ஷைலஜா பெரியவர் பக்கம் திரும்பினார். "சில்லர், பம்ப், டைமர், இதையெல்லாமும் நீங்கதான் நிறுத்தினீங்களா?"

"கரெண்டு கிட்டயே நான் போக மாட்டேம்மா. தண்ணியோட சரி."

கூடத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஹஃப்ஸாவின் முகம் மறுபடி சுண்டியது. பழி பாதி வழியில் திரும்பி அவளிடமே வந்துவிட்டதே!

"ஹஃப்ஸா, உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்கணும்," என்றார் ஷைலஜா. "மெஷின் நின்ன மூணு தடவையும் மாத்துறதுக்குத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"டிரம்முல இருந்துச்சு மேடம். ஒவ்வொரு தடவையும் நல்லவேளை, கலக்கி வெச்சது இருக்கேன்னு நினைச்சுக்குவேன்."

"மாமா தண்ணியை வடிச்ச வெள்ளிக்கிழமை?"

"அன்னைக்கு டிரம் காலி. முத்துப்பேட்டைக்கு ஓடி, படகுக்காரங்களைக் கெஞ்சி, கடல்லேருந்து கேன் கேனாத் தண்ணி கொண்டாந்தார்."

"சரி. மெஷின் நின்ன அன்னைக்கெல்லாம் இவர் தொட்டிக்குள்ள கை விட்டதைப் பாத்தீங்களா?"

ஹஃப்ஸா யோசித்தாள். "பாத்தேன். சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, வாட்சைக் கழட்டி வெச்சுட்டு... நிதானமாத்தான் செஞ்சார்."

"வெள்ளிக்கிழமை?"

"அன்னைக்கு ஜும்மாவுக்குப் போட்ட புதுச் சட்டை. தோள் வரைக்கும் அப்படியே உள்ள விட்டுட்டார். வாட்சும் போச்சு." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கணவனைப் பார்த்தாள்.

"நெருப்பு பிடிச்ச வீட்டுக்குள்ள யாரும் செருப்பை ஓரமா விட்டுட்டுப் போறதில்ல," என்றார் ஷைலஜா. "நிஜமான ஆபத்து வந்தது ஒரே ஒரு நாள்தான். அன்னைக்கு டிரம்மும் காலி, சட்டைக் கையும் நனைஞ்சுது. மத்த மூணு நாளும் ஆபத்து வரப் போகுதுன்னு முதல் நாளே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. தம்பி, நேத்துத்தான் தண்ணி மாத்தினேன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் இன்னைக்கு எதுக்கு மாவு அரைச்சு வெச்சிருக்கீங்க? நாளைக்கு இட்லி சாப்பிட வர்ற விருந்தாளி யாரு?"

சலாஹுதீன் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். கண்ணாடிக்குப் பின்னால் கோமாளி மீனும் அதையே செய்துகொண்டிருந்தது.

"நாளைக்கு எது நிக்குறதா இருந்துச்சு?" என்று கேட்டான் வெங்கி, அடக்க முடியாமல்.

"நுரை எடுக்குற மெஷின்," என்றான் சலாஹுதீன், பள்ளிக்கூடத்துப் பையன் குரலில்.

மீரா உசேன் தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தார். "மவனே! என்னைவிட நீ பெரிய ஆளா இருக்கியே!"

"மீனுக்கு ஒரு குறையும் வராமத்தான் அத்தா செஞ்சேன். தண்ணி ரெடியா வெச்சுக்கிட்டுத்தான் கையே வெச்சேன்." பிறகு மனைவியிடம் திரும்பினான். "உன்னைப் பேசுவாங்கன்னு நான் நினைக்கவே இல்லை ஹஃப்ஸா. சத்தியமா. நாளைக்கே ஒவ்வொரு வீடா ஏறி, நான்தான்னு சொல்லிட்டு வர்றேன்."

"ஏன் மச்சான்?" என்றாள் அவள். "போகப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட சொல்ல?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பன்னெண்டு வருஷமா வர்றேன், போறேன். ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு 'நல்லபடியா போயிட்டு வாங்க'ம்பே. ஒரு தடவையாவது உன் குரல் மாறுதான்னு பாப்பேன். மாறாது. எனக்குப் பழகின மாதிரியே உனக்கும் பழகிடுச்சுன்னு நினைச்சேன். என்னத்தைச் சொல்ல? நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டா யாராவது ஏதாவது கேப்பீங்கன்னு பாத்தேன். யாரும் கேக்கல. சாமான்தான் சென்னையிலேர்ந்து வந்துச்சு."

அவன் தொட்டியின் விளிம்பில் பூத்திருந்த உப்பை விரலால் தள்ளினான்.

"அந்த வெள்ளிக்கிழமை மட்டும்... நான் வெக்காத கை ஒண்ணு தொட்டியில பட்டிருந்துச்சு. ராத்திரியெல்லாம் மீன் பொழைக்குமான்னு பயந்துக்கிட்டே இருந்தேன். ஆனா உள்ளுக்குள்ள சந்தோஷம். நீதான் செஞ்சிருக்கேன்னு நினைச்சேன் ஹஃப்ஸா. வாயால சொல்லாததைத் தண்ணியில சொல்லியிருக்கேன்னு."

அப்போதுதான் வெங்கிக்குப் புரிந்தது, பெரியவர் ஒப்புக்கொண்டபோது அந்த முகம் ஏன் அப்படி விழுந்தது என்று.

மீரா உசேன் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். யாருக்கோ சொல்வதுபோல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அந்த ரெண்டு ஏக்கர்ல நெல்லு ஒழுங்கா வந்ததே இல்லை. உப்புத் தண்ணி மீன் வருமான்னு இதுவரைக்கும் யாரையும் கேட்டுப் பாக்கல."

ஹஃப்ஸா தொட்டியோரம் இருந்த மீன் தீனி டப்பாவை எடுத்தாள். அதை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணமாகி நீங்க முதல் தடவை கிளம்பினப்போ, திருச்சி ஏர்போர்ட்ல நான் அழ ஆரம்பிச்சேன்," என்றாள். "எங்கம்மா கையைப் பிடிச்சு நறுக்குனு கிள்ளினாங்க. பயணம் கிளம்புறவங்க முன்னாடி தடுத்து ஒரு வார்த்தை வரக் கூடாது, போற இடத்துல அவங்களுக்கு ஆகாதுன்னாங்க. கையில அந்தத் தழும்பு போயிடுச்சு. வார்த்தை மட்டும் அப்படியே இருக்கு. ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் வரும். உங்களுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னு முழுங்கிடுவேன். குரல் எப்படி மாறும்? மாறாம இருக்கணும்னு கதவுக்குப் பின்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டுத்தானே வெளிய வருவேன்."

வெங்கிக்கு நாக்கு நுனியில் ஏதோ ஒரு ஜோக் வந்தது. ஷைலஜா அவன் கால் மேல் தன் காலை அழுத்தி வைத்தார். ஜோக் வந்த வழியே போய்விட்டது.

கூடத்தில் பம்பின் மெல்லிய முனகல் மட்டும் கேட்டது. எல்லா மெஷினும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. தள்ளிப் போடுவதற்கு இனி எந்தக் காரணமும் இல்லை, கேட்டால்தான் உண்டு.

ஹஃப்ஸா டப்பாவைத் தொட்டியின் மேல் வைத்தாள். நிமிர்ந்து, அவன் கண்ணைப் பார்த்தாள். இந்த முறை குரல் மாறியது.

"போகாதீங்க மச்சான். இங்கேயே இருங்க."